கொடியில் கிடந்த சாரம்

எங்கள் வங்காலையில் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள் நான். இன்றைக்கும் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். ஆனாலும் தவக்காலம் வந்தால், யேசு பாடுபட்டதைக் காட்டுகிற பாஸ்கா நாடகத்தைப் பழக்குவது நான்தான். வசனத்தை யாராவது ஒருதரம் வாசித்துக் காட்டினால் போதும், பிறகு எவருக்கும் எடுத்துக் கொடுப்பேன். அந்தப் பாஸ்காவில் மாதாவாக நான் அழுததைப் பார்த்துத்தான் கொழும்பிலிருந்து வந்தவர்கள் தொலைக்காட்சி நாடகத்துக்குக் கூப்பிட்டார்கள். நாலைந்து நாடகத்தில் நடித்துவிட்டேன். எல்லாவற்றிலும் தாய்தான். அதில் எனக்குக் குறையில்லை.

கடைசி நாடகத்தைத் தலைமன்னார்க் கடற்கரையில் எடுத்தார்கள். கடலுக்குப் போன மகன் திரும்பாத தாய் நான். எழுதி வைத்திருந்த வசனம் மேடைப் பேச்சு மாதிரி இருந்தது. இதைச் சொல்லி எந்தத் தாயும் அழமாட்டாள் என்றேன். அப்படியென்றால் உங்களுக்கு வந்த மாதிரி அழுங்கோ அம்மா என்றார் இயக்குநர். கமெரா ஓடியது. என் வாயில் வந்தது இது:

"காய்ஞ்ச சாரம் கொடியில கிடக்கு ராசா. வந்து உடுத்துக்கொண்டு போவன்."

அது என் சொல் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி, என்னை அக்கா என்று கூப்பிடுகிறவள், மகனுடைய வள்ளம் மட்டும் கரைக்கு வந்த அன்று முற்றத்தில் நின்று சொல்லி அழுதது. நான்தான் அவளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நிற்கும்போதே அந்தச் சொல்லை எடுத்து எனக்குள் வைத்துக்கொண்டேனோ என்று இப்போது யோசிக்கிறேன்.

கமெரா பிடித்தவரே கண்ணைத் துடைத்தார். எனக்குப் பெரிய பெருமை. நாடகம் தொலைக்காட்சியில் போன அன்று தெருச் சனத்தையெல்லாம் கூப்பிட்டுக் கதிரை போட்டேன். அவளைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து முன்னுக்கு இருத்தினேன். அந்த இடம் வரும்வரைக்கும் எனக்கு உறைக்கவில்லை என்றால் நீங்கள் நம்புவீர்களோ தெரியாது. அவள் முடியும் வரைக்கும் இருந்தாள். தேத்தண்ணியைக் குடித்தாள்.

"நல்லா அழுதனீங்களக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு, யாராவது கொடியில் சாரம், சட்டை காயப்போட்டால் பிள்ளைகள் அந்த வசனத்தை அதே மாதிரி இழுத்துச் சொல்லிச் சிரிக்கத் தொடங்கினார்கள். என்னிடம் நாடகம் பழகுகிற பிள்ளைகளும்தான். ஏசினால் இன்னும் சிரித்தார்கள். டீச்சருடைய வசனம் என்றுதானே அவர்களுக்குத் தெரியும்.

மகனுடைய ஆண்டுப் பூசை முடிந்து அவள் வீட்டில் எல்லாரும் கூடியிருந்தோம். படத்துக்கு முன்னால் அவள் "காய்ஞ்ச..." என்று தொடங்கினாள். பின்னால் இரண்டு பெட்டைகள் ஒருத்தியை ஒருத்தி இடித்தார்கள். அவள் கண்டுவிட்டாள். வாயை மூடிக்கொண்டு எழும்பிக் குசினிக்குப் போனாள். நானும் பின்னாலே போனேன்.

"தங்கச்சி, அது உன்ர சொல்லெண்டு எல்லாருக்கும் சொல்லுறன்."

அவள் சட்டியிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

"சொல்லி என்னக்கா? இனி அதைச் சொல்லி நான் அழுதா, உங்களைப் போல நடிக்கிறனெண்டெல்லோ சனம் சொல்லும்." பிறகு, "சோறு போடட்டே?" என்றாள்.

இருந்து சாப்பிட்டேன். எழும்பிப் போக முகமில்லை.

ஆனாலும் பிள்ளைகளைக் கூப்பிட்டு அது யாருடைய சொல் என்று சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. இந்தத் தவக்காலம் மாதாவாக நடிக்க வந்த பிள்ளை, என்ன சொல்லி அழுகிறது டீச்சர் என்று கேட்டது. ஒன்றும் சொல்லாதே, சிலுவைக்குக் கீழே சும்மா நில் என்றேன். பிள்ளை நன்றாகத்தான் நின்றது. முன்வரிசையில் அவளுக்கென்று ஒரு கதிரையை நான் பிடித்து வைத்திருந்தேன். அவள் வரவில்லை.