தையல் வரிசையில் ஒரு தேவதை

சட்டைக் கம்பெனியில் தைத்து வரும் சட்டைகளைப் பார்த்து, தப்பு இருந்தால் திருப்பி அனுப்புவதுதான் செக்கர் அக்காவின் வேலை. அவள் அனுப்பமாட்டாள். "அக்கா, புள்ள ஸ்கூல் வாசல்ல நிக்கும்க்கா" என்று யாராவது முகத்தைச் சுருக்கினால் போதும், கோணல் காலரும் தேறிவிடும். தையல் பெண்கள் அவளைத் தேவதை என்றார்கள். அவளுக்கும் உச்சி குளிர்ந்தது.

ஒருநாள் வாங்கியவர்களிடமிருந்து நானூறு சட்டைகள் திரும்பி வந்தன. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் எல்லோரும் உட்கார்ந்து பிரித்துத் தைத்தார்கள். அதற்குப் பிறகு, ஆடுகிற பட்டனுக்கு 'தேவதை பட்டன்' என்று பெயர் வந்தது. "என்னடி, தேவதை வேலை பாத்து வச்சிருக்க?" என்று அவள் காதுபடவே சிரித்தார்கள். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலை இருக்காது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

மறுநாள் முதலில் வந்தது அவளுடைய ஓரகத்தி தைத்த சட்டை. இருவருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. காலர் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. செக்கர் அக்கா அதைத் திருப்பி நீட்டினாள்.

"எனக்கேவா? சரியான பேய்க்கா நீ!"

"பேயாவே இருந்துட்டுப் போறேன். பிரிச்சுத் தைச்சுக் கொண்டா."

வரிசையே கொல்லென்று சிரித்தது. மூன்று நாள் ஓரகத்தி பேசவில்லை; சமையலறையில் பாத்திரங்கள்தான் பேசின. நான்காம் நாள், பாதி தைத்த காலரோடு அவளே எழுந்து வந்தாள்.

"பேயக்கா, முடிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துடு. இன்னொரு தடவ பிரிக்க என்னால ஆகாது."

இப்போது வரிசை முழுக்க அவளைப் 'பேயக்கா' என்றுதான் கூப்பிடுகிறது. அவளும் "என்னடி?" என்று கேட்டுக்கொண்டே கை நீட்டுகிறாள்.