திலகவதி கூடத்தில் போட்ட கோடுகள்

தரையில் கோடு போட்டு வீடு நடத்தும் ஒருத்தி என் பக்கத்து வீட்டில் இருக்கிறாள். பெயர் திலகவதி. கும்மிடிப்பூண்டியில், கார் பாகங்களைப் பெட்டியில் அடைக்கும் எங்கள் செக்‌ஷனுக்கு அவள்தான் லைன் லீடர். ஒரு பெட்டி, தரையில் டேப் ஒட்டிக் காட்டிய தன் கட்டத்தைவிட்டு நான்கு விரல் தள்ளியிருந்தால் அவள் பார்க்கும் பார்வைக்கு, மெமோவே தேவலை.

அவளுக்கு இரண்டு பிள்ளைகள். ரோஜாவுக்கு நான்கு வயது, பரத்துக்கு இரண்டு. ஒன்றரை வருடமாக இருவரும் பழவேற்காட்டில் அவளுடைய அக்கா கெங்கம்மாளிடம் வளர்ந்தார்கள். இவளும் கணவன் குணாளனும் இருந்த ஒற்றை அறையில் கால் நீட்ட இடமில்லை, ஷிஃப்டும் தாறுமாறு. இப்போது பெரிய கூடத்தோடு வாடகை வீடு கிடைத்துவிட்டது. இவளுக்குப் பகல் ஷிஃப்ட், அவனுக்கு இரவு. ஆனால் கெங்கம்மாள் போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"ஞாயித்துக்கெழம இட்டாரேன். சாய்ந்தரம் நான் கெளம்பசொல்ல ரோஜா அழுதுச்சுன்னா, திரும்ப இட்டுக்கினு வந்துருவேன். புள்ளய அழவுட்டு என்னால பஸ் ஏற முடியாது."

திலகவதிக்குப் பயம் ஒரு பக்கம். மறுபக்கம், கால் தரையில் பாவவில்லை.

வெள்ளிக்கிழமை குணாளன் பொன்னேரியிலிருந்து குட்டியானை வண்டியில் ஒரு சோஃபாவோடு வந்து இறங்கினான். மெரூன் கலர், மூன்று பேர் உட்காரலாம். உள்ளே போட்டதும் கூடத்தைக் காணோம்.

"இன்னாய்யா இது? புள்ளைங்க எங்க ஓடும்?"

"மேல ஏறிக் குதிக்கட்டுமே."

"குதிச்சு மண்டய ஒடைச்சுக்கினா?"

அந்த சோஃபா இப்போது என் வீட்டில் கிடக்கிறது. என் வீட்டுக்காரர் அதிலேயே குடியிருக்கிறார்.

மறுநாள் திலகவதி கலர் டேப் வாங்கிவந்து கூடத்தில் மண்டியிட்டாள். வாசலிலிருந்து பின்கட்டு வரை இரண்டு மஞ்சள் கோடுகள். நடுவில் நடக்கிற வழி, அங்கே ஒரு சாமான் இருக்கக் கூடாது. ஜன்னலோரம் பொம்மைக்குப் பச்சைக் கட்டம். அடுப்படி வாசலில் சிவப்பு, தாண்டினால் தொலைந்தார்கள். கண்ணாடி டம்ளர்களெல்லாம் பரணுக்குப் போயின, அலமாரியின் கீழ்த்தட்டு பிள்ளைகளுக்கு. சுருட்டின பாய்க்குக்கூட ஒரு கட்டம்.

"பாக்டரிய ஊட்டுக்குள்ள இட்டாந்துட்டியேடி" என்றேன்.

"சும்மா பேசிக்கினு இருக்காத அக்கா, இந்த முனைய இழுத்துப் புடி."

பேசினேனே தவிர எனக்கும் ஆசை தொற்றிக்கொண்டது. நானே ஒரு கட்டம் ஒட்டினேன். கோணல் என்று பிய்த்துவிட்டாள், பாவி.

ஞாயிறு காலை பிள்ளைகள் வந்தார்கள். பரத் நேராகச் சிவப்புக் கோட்டை நோக்கி ஓடினான். ரோஜா பெரியம்மாவின் முந்தானையை விடவில்லை. திலகவதியின் முகம் சுண்டிப்போயிற்று. ஆனால் அவள் கெஞ்சவில்லை, லைனில் புது ஆளுக்குச் சொல்வதைப் போலச் சொன்னாள்.

"மஞ்சள்ல நடக்கணும், பச்சைல வெளையாடணும். செவப்பு யாரும் தாண்டக் கூடாது. தோ, உன் தம்பி தாண்டப் போறான். பாத்துக்க, நீதான் லீடர்."

ரோஜா யோசித்தாள். முந்தானையை விட்டாள். போய்த் தம்பியின் டிராயரைப் பிடித்து இழுத்துவந்தாள்.

அவ்வளவுதான், கூடம் அவள் கைக்குப் போய்விட்டது. பச்சையில் கால் வைத்த அப்பனுக்குத் திட்டு, பாயைக் கோணலாக வைத்த எனக்குத் திட்டு. மதியச் சாப்பாட்டுக்குள் திலகவதிக்கே இரண்டு திட்டு விழுந்தது. அவள் அதை வாங்கிக்கொண்ட சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே!

சாயந்திரம் கெங்கம்மாள் எழுந்து, பையைக் கீழே வைத்துப் புடவையைச் சரிசெய்தாள். திலகவதி என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்தது.

ரோஜா பொம்மைகளுக்கு நடுவிலிருந்து நிமிர்ந்தாள்.

"பெரிம்மா, வழியில பைய வெக்காத. உங்க ஊட்டுக்குப் போய்ட்டு, அப்பால எங்க ஊட்டுக்கு வா."

பஸ் ஏறும்வரை அழுதுகொண்டே போனவள் கெங்கம்மாள்தான்.