வேல்விழி காட்ட முடியாத ஓட்டை

என் பெரியப்பா மகன் பிச்சைமணியின் இளைய மகள் வேல்விழி. காமயகவுண்டன்பட்டியில் பிறந்தவள், தேனியில் கணினிப் பொறியியல் படித்தவள். எங்கள் வகையறாப் பதிவுகளில் பெண்களைப் பற்றிய குறிப்பு திருமணத்தோடு முடிந்துவிடும். இவளுக்கு வேலையைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது.

போடியில் பொன்னுராஜ் என்பவர் ஏலக்காய் வியாபாரிகளுக்குக் கணினி வசதி செய்துகொடுத்து வந்தார். ஒரே வீட்டைத் தடுத்துப் பல குடித்தனம் வைத்ததுபோல, ஒரே சர்வருக்குள் ஒவ்வொரு வியாபாரிக்கும் ஒரு மெய்நிகர் கணினி. ஒருவர் கணக்கு மற்றவர் கண்ணில் படாது. எல்லாவற்றையும் திறக்கும் அதிகாரம் அவரிடம் வேலை பார்த்த வேல்விழி ஒருத்தியிடமே இருந்தது.

சென்ற சீசனில் ஒரு வியாபாரி ஏலத்தில் கேட்க எண்ணியிருந்த விலை, போட்டியாளருக்கு முன்பே தெரிந்துபோயிற்று. சந்தேகம் இவள்மேல் விழுந்தது; ஆனால் இவள் திறந்ததாகச் சர்வரில் எந்தப் பதிவும் இல்லை. சோறு தண்ணீர் மறந்து தேடியவள், தடுப்பாக நிற்கும் மென்பொருளிலேயே பிழை இருப்பதைக் கண்டாள். ஏலக்காய்க் கடையில் எடைபோடும் தகப்பனுக்கு அவள் அதை விளக்கியபோது நானும் உடனிருந்தேன்.

"உள்ள இருக்க மிஷின் கேக்குறத சாஃப்ட்வேர் மொதல்ல சரிபாக்கும்ப்பா. அப்பறந்தான் செய்யும். அந்த ரெண்டுக்கும் நடுவுல கேட்டத மாத்திப்புட்டா, பாத்தது ஒண்ணு, செஞ்சது ஒண்ணாயிரும்."

"சாம்பிள் பாத்தப்பறம் தராசுல ஏத்துறதுக்குள்ள மூட்டைய மாத்துறாய்ங்களே, அப்படியா ஆத்தா?"

"அதேதான். ஆனா மாத்துறது கணக்கா அந்த இமைப்புல விழுகணும். எப்பவாச்சும்தான் விழுகும்."

"நல்லாப் பிடிச்ச போ. எங்க கடையில மூட்டையாச்சும் கண்ணுல படும்."

மென்பொருளை விற்ற நிறுவனத்துக்கு எழுதினாள். தங்கள் சோதனையில் அவ்வாறு நிகழவில்லை என்று பதில் வந்தது. பொன்னுராஜோ வியாபாரிகளைக் கூட்டி, அவர்கள் முன்னிலையில் செய்துகாட்டச் சொன்னார். தனியே சோதித்தபோது உடைந்த தடுப்பு, அன்று பகல் முழுவதும் உடையவில்லை.

"என்னம்மா, ஆளுகளக் கண்டு ஓட்டை வெக்கப்படுதாக்கும்?" என்றார் ஒரு வியாபாரி. அறையே சிரித்தது.

"இன்னுங் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கய்யா."

"காலையில இருந்து ஓடத்தான செய்யுது" என்று பொன்னுராஜ் எழுந்துவிட்டார். மறுநாள் வேலை போயிற்று.

சில மாதங்கள் கழித்து, வேறெந்த நாட்டிலோ ஒருவர் அதே பிழையைக் கண்டு சொல்ல, அந்த நிறுவனம் அதை ஒப்புக்கொண்டு அறிக்கையும் திருத்தமும் வெளியிட்டது. அறிக்கையை அச்செடுத்துக்கொண்டு வேல்விழி போடிக்குப் புறப்பட்டாள். துணைக்கு நான் சென்றேன். பொன்னுராஜ் கடைசி வரி வரை படித்தார்.

"இப்பவாச்சும் நம்புறீகளா அய்யா?"

"ஓட்டை இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா ஊரு உலகத்துக்குத் தெரியிறதுக்கு முன்னாடியே அது உனக்குத் தெரிஞ்சிருக்கு. அதுல நுழையவும் தெரிஞ்சிருக்கு. பெறகு நான் யாரச் சொல்ல?"

"வெல வெளிய போனப்பறந்தானய்யா நான் கண்டுபிடிச்சேன்?"

"அதுக்கு என்னம்மா சாட்சி?"

சாட்சி இல்லை. அந்தப் பிழையின் வழியே நுழைந்தவர் யாராயினும் தடம் எதுவும் பதிவதில்லை. அதையும் அறிக்கையே கூறியிருந்தது.

பேருந்தில் ஊர் திரும்பினோம். உத்தமபாளையம் தாண்டியதும், "இது வெளிய வராமலே இருந்திருக்கலாம் சித்தப்பா. அதுவரைக்கும் வெறும் சந்தேகந்தான் பட்டாக" என்றாள்.

 அதன்பின் தேனியிலும் கம்பத்திலும் எந்த நிறுவனமும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை.