பந்தைத் தூக்கும் சதாசிவம்

மைதானத்தின் நடுவட்டத்தில் பந்தை வைத்துவிட்டு, இரண்டு எட்டுப் பின்னால் வந்து, சதாசிவம் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். வானத்தையும் பார்ப்பதில்லை, வந்திருப்பவர்களின் முகத்தையும் பார்ப்பதில்லை. முழங்கால் வரை ரப்பர் சப்பாத்து, காதை மூடிய கம்பளித் தொப்பி, காலடியில் சுக்குக் கோப்பிப் போத்தல். முள் பத்தைத் தொடும்போது இரண்டு அணிகளும் கோட்டுக்குள் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் குனிந்து பந்தைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்துவிடுவார். வராத அணி தோற்றது. அதற்கு மேல் வழக்கு, கோடு கச்சேரி எதுவும் கிடையாது.

ஒக்லாந்துத் தமிழ் வீடுகளில் இது பேச்சு வழக்காகவே ஆகிவிட்டது. கலியாண வீட்டுக்குப் பிந்தினால், "கெதியா வெளிக்கிடுங்கோ, பந்தைத் தூக்கப் போறாங்கள்" என்கிறார்கள். என் கணவர் எப்சம் அணியின் கோல்காப்பாளர். முழங்கால் போனாலும் ஆசை போகாத மனிதர். அவர் குளியலறையில் மினைக்கெடும்போது நானும் கதவில் தட்டி இதைத்தான் சொல்கிறேன்.

சதாசிவம் எங்கள் தமிழ் உதைபந்தாட்ட லீக்கின் செயலாளர். லீக்கை உண்டாக்கியவரும் அவர்தான். உத்தியோக காலம் முழுவதும் மங்கரே விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் பகுதியில் வேலை. பெட்டி வந்தாலும் வராவிட்டாலும் விமானம் புறப்பட்டுவிடும் என்பதை அங்கேதான் படித்தாராம். "பிளேன் ஆருக்காகவும் நிண்டதில்லை, பிள்ளை" என்பார், ஏதோ தானே ஓட்டிப் போனவர் மாதிரி.

அவருக்கு முன்னால் இங்கே ஆட்டம் நடந்தது, ஆனால் நடந்தால்தான் நிச்சயம். பிறந்த ஊருக்கு ஓர் அணி. ஓர் அணி மைதானத்தில் நிற்க, மற்ற அணி யாரோ வீட்டுச் சாமத்தியச் சடங்கில் பந்தியில் இருக்கும். இரண்டும் வந்துவிட்டால் இன்னும் மோசம். பாதி ஆட்டத்தில் பழைய ஊர்ப் பகை கிளம்பி, பந்து ஒரு பக்கமும் ஆட்கள் ஒரு பக்கமுமாகப் போவார்கள். சதாசிவம் அணித்தலைவர்களைத் தன் கராஜுக்குக் கூப்பிட்டு, வடையும் தேத்தண்ணியும் கொடுத்து, இரண்டு விஷயம் சொன்னார். இனி ஊர்ப் பெயரில் அணி இல்லை. மங்கரே, எப்சம், ஹென்டர்சன் என்று இருக்கிற இடத்தின் பெயர்தான். இரண்டாவது, "வச்ச திகதி வச்சதுதான்."

வடையைத் தின்றுவிட்டுத் திட்டினார்கள். ஆனால் மைதானத்துக்கு வந்தார்கள். ஊர்ப் பெயர் போனதும் தமிழ்நாட்டுப் பையன்களும் கூச்சமில்லாமல் சேர்ந்தார்கள். இன்றைக்கு எப்சம் தலைவர் ரவிசங்கர் திருச்சிக்காரர். மங்கரே தலைவர் யசீகரன் தன் கலியாணப் பதிவு நாளிலும் முதல் பாதி ஆடிவிட்டு, காரில் காத்திருந்த மணப்பெண்ணிடம் ஓடியவன். மாலையில் விருந்துக்குப் போன சதாசிவம் தம்பதியை வாழ்த்தி, யசீகரனுக்குப் பதிலாக இறங்கியவன் நன்றாக ஆடினான் என்பதையும் சொல்லிவிட்டு வந்தார்.

இவ்வளவு கறாரான மனிதர் அட்டவணை போடுவதைப் பார்த்தால் வேறு ஆள் என்று தோன்றும். யாழ்ப்பாணத்திலிருந்து தங்கை அனுப்பும் நாட்காட்டியைக் குசினி மேசையில் விரித்து வைப்பார். மனைவி வசந்தமலர் முகூர்த்த நாள், கோயில் திருவிழா, விரதம் எல்லாவற்றையும் வாசிப்பார். அந்த நாட்களில் ஆட்டம் வைக்க மாட்டார். ஏன் இத்தனை பாடு என்று ஒருமுறை கேட்டேன். "சட்டம் இறுக்கமா இருக்கோணுமெண்டா, திகதி இரக்கமா இருக்கோணும்" என்றார்.

அந்தத் திகதிதான் இந்த வருடம் அவரைக் கைவிட்டது.

ஆடி அமாவாசை சனிக்கிழமை என்று நாட்காட்டி சொன்னது. இறுதியாட்டத்தை ஞாயிறு பத்து மணிக்கு வைத்தார். மங்கரேயும் எப்சமும் இறுதிக்கு வந்த பிறகு, அந்த வாரம்தான் கோயில் அறிவித்தல் வந்தது: இங்கே ஆடி அமாவாசை ஞாயிறு. யாழ்ப்பாணத்தில் சனி விடியமுன் பிறக்கும் திதி, நேர வித்தியாசத்தால் இங்கே சனி விடிந்த பிறகுதான் பிறக்கிறது. சூரியன் உதிக்கும்போது இருக்கும் திதிதான் கணக்கு. திதிக்கும் விமானம் மாதிரி இடத்துக்கு இடம் நேரம் உண்டு என்பதை, சரக்குப் பகுதியில் இருந்த மனிதர் மறந்துபோனார்.

ஆடி அமாவாசை அப்பா இல்லாதவர்களின் நாள். மங்கரே அணியில் அப்பா இருப்பவர்கள் குறைவு. போர் அப்படி. யசீகரனின் தகப்பன் இறந்த நாள் எதுவென்றே யாருக்கும் தெரியாது. அதனால் திவசம் இல்லை. வருடத்தில் இந்த ஒரு நாள்தான் இருக்கிறது. அவன் தொலைபேசியில் கேட்டது பெரிய விஷயமும் இல்லை. எள்ளும் தண்ணீரும் இறைத்து, பூசை முடித்து, மத்தியானம் வருகிறோம், கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்றான்.

சதாசிவம் மாட்டேன் என்றுவிட்டார். பிழை தன்னுடையது என்பதை ஒளிக்கவில்லை. கேட்ட எல்லோரிடமும் சொன்னார். ஆனால் ஒருமுறை நேரத்தை மாற்றினால் அடுத்த முறை எல்லோரிடமும் ஒரு காரணம் இருக்கும், லீக் பழைய சந்தைக்கடையாகிவிடும் என்றார். ரவிசங்கரும் வந்து பேசிப் பார்த்தார்.

"நாங்க வெயிட் பண்றோம் சார். கப்பை அப்படி வாங்க எங்களுக்கும் மனசில்ல."

"நீங்கள் நல்ல ஆக்கள், தம்பி. அதுக்காகச் சட்டத்தை மாத்தேலாது."

எனக்குக் கோபம் வந்தது. என் கணவர் கையில் ஒரு கோப்பையைப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் தகப்பனுக்குத் தண்ணீர் விடப் போகிறவனிடமிருந்து அதைப் பறிப்பதா? சதாசிவத்துக்கும் தகப்பன் இல்லை. அவரும் அன்று கோயிலுக்குப் போவதாக இல்லை, பத்து மணிக்கு மைதானத்தில் நிற்க வேண்டுமாம். வசந்தமலர் அக்கா என்னிடம் பொரிந்து தள்ளினார். "மாமாவுக்கு ஒரு பிடி எள்ளுத்தண்ணி விட இந்த மனுசனுக்கு நேரமில்லை. பந்து வைக்க மட்டும் நேரமிருக்கு."

ஞாயிறு காலை மைதானத்தில் எப்சம் அணி தலையைக் குனிந்துகொண்டு நின்றது. எதிர்ப்பக்கம் வெறும் புல். மங்கரே ஆட்கள் மனுக்காவ் கடற்கரையில் நிற்பார்கள். இந்த ஊரில் காகம் இல்லை, படைத்த சோற்றைக் கடற்பறவைகள் வந்து கொத்தும்வரை காத்திருக்க வேண்டும். சதாசிவம் நடுவட்டத்தில் பந்தை வைத்தார். சுக்குக் கோப்பிப் போத்தல் காலடியில் இருந்தது, மூடி திறக்கப்படவில்லை. அவர் விரதம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

முள் பத்தைத் தொட்டது. அவர் குனிந்தார். கை பந்துவரை போய் அங்கேயே நின்றது. பிறகு நிமிர்ந்து, கோட்டோரம் நின்ற என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, நீ தினம் அம்மாவோட கதைக்கிறனியெல்லோ. யாழ்ப்பாணத்தில இப்ப என்ன நேரம்?"

"விடியப்புறம் மூண்டரை, அண்ணை."

"ஓம். நான் கலண்டர் பாத்துத் திகதி வச்சது அந்த நேரத்துக்குத்தான். அங்க பத்து மணியாக இன்னும் ஆறரை மணித்தியாலம் கிடக்கு."

பந்தை இருந்த இடத்திலேயே விட்டார். கடிகாரத்தைக் கழற்றி, குளிரில் விறைத்த விரல்களால் அதன் திருகியை வெளியே இழுத்து, முள் மூன்றரைக்கு வரும்வரை பின்னால் திருகிக்கொண்டே நின்றார்.