காற்றோடு போன தண்ணீர்

1. மிதிக்கக் கூடாத கல்

உப்பு ஏரியில் முதல் நாள் எனக்குக் கிடைத்த கட்டளை ஒன்றுதான்: பார்த்துக் கால் வை.

"நானா, இந்தக் கல்லுகளுக்கு உசிர் இருக்கு. ஒண்ட மிதிச்சீங்க எண்டா கல்முனைக்குடிக்கே பார்சல் பண்ணிருவன்" என்றார் சேர். எங்கள் பக்கம் முஸ்லிம் அண்ணனை 'நானா' என்பார்கள்.

"அப்ப ஒவ்வொண்டுக்கும் ஸலாம் சொல்லிட்டுத்தான் நடக்கணுமா சேர்?"

"சொல்லுங்க. பதில் வர ஆயிரம் வருசம் ஆகும்."

அவற்றின் பெயர் மைக்ரோபியலைட். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பைப் படியவைத்து, படைமேல் படையாகக் கட்டும் கல். ஏரி ஓரத்தில் பச்சையும் பழுப்புமாகக் கணுக்காலளவு தண்ணீருக்குள் கிடக்கும்.

சேர், இலங்கையின் கிழக்குக் கரையில் என் ஊர் கல்முனைக்குடிக்கு அருகிலுள்ள காரைதீவுக்காரர். வெளிநாட்டில் விரிவுரையாளர். சுனாமிக்குப் பிறகு உப்பேறிய கிணறுகளைச் சோதிக்கும் வேலை எனக்கு. யுத்தம் முடிந்து ஊர் பார்க்க வந்த சேர், தண்ணீரின் உப்பை அளக்கும் கண்டக்டிவிட்டி மீட்டரோடு நான் திரிவதைக் கண்டு, தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலையிலுள்ள இந்த ஏரிக்கு ஒரு பருவ வேலைக்குக் கூப்பிட்டார். நான் சம்மதித்ததற்குக் காரணம், அங்கே கடல் இல்லை. மனைவியையும் மகளையும் கடலிலிருந்து தள்ளி, உள்நாட்டுச் சம்மாந்துறையில் மச்சான் வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். அப்படியும் மனம் அடங்கவில்லை. முகாமின் சாட்டலைட் போனில் மகளிடம் எப்போதும் ஒரே கேள்விதான் கேட்பேன்.

"கடற்கரைப் பக்கம் போனியா மனே?"

"இல்ல வாப்பா. எத்தின தரம் கேப்பீங்க?"

2. உள்வாங்கிய ஏரி

ஒரு பின்னேரம் மீட்டர் திடீரென்று பூச்சியம் காட்டியது. குனிந்து பார்த்தேன். அதன் முனை தண்ணீரில் இல்லை. நிமிர்ந்தேன். தண்ணீர் வெகுதூரம் பின்வாங்கியிருந்தது. கல்லெல்லாம் நனைந்து மினுங்கின. சேர் கமெராவைத் தூக்கிக்கொண்டு, கல்லுக்கிடையே வழி பார்த்து, சந்தோஷமாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்.

சுனாமியன்று என் மகனும் அப்படித்தான் போனான். முதல் அலை தெருவரை வந்து திரும்பியதும் கடல் உள்ளே போயிற்று. வெறுந்தரையில் துள்ளிய மீனைப் பொறுக்க இறங்கினான். என் தோளில் மகள் இருந்தாள். அடுத்த அலைக்குப் பிறகு அவனை நான் காணவில்லை.

"சேர்! ஓடுங்க! கடல் உள்ளுக்குப் போகுது!"

"கடலா? இஞ்ச எங்க நானா கடல்?"

நேராக ஓடினேன். சப்பாத்துக்குக் கீழே கல் நொறுங்கும் சத்தம் கேட்டது. நிற்கவில்லை. அவருடைய ஜக்கெட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு சரிவில் ஏறினேன். அந்த உயரத்தில் நடந்தாலே மூச்சு முட்டும். பாதியில் இருவரும் விழுந்தோம்.

3. சேர் கேட்டது

மூச்சு வந்ததும் அவர் கீழே பார்த்தார். நான் ஓடிய வழி நெடுக உடைந்த கல்.

"என்ன நானா இது! இவ்வளவு கல்லையும்..." என்று தொடங்கியவர், என் முகத்தைக் கண்டு நிறுத்தினார். "காத்து நானா. காத்து தண்ணிய அந்தக் கரைக்குத் தள்ளுது. அடங்கினா திரும்பி வரும். முதலே சொல்லியிருக்கணும் நான்."

நான் நம்பவில்லை. இறங்கவும் மறுத்தேன். அவரும் பக்கத்திலேயே இருந்தார். காற்றுத் தணிந்தது. தரையில் ஊற்றிய தண்ணீர்போல ஏரி மெல்லப் பரவி வந்து, உடைந்த கற்களை மூடியது.

சேருடைய அம்மாவும் காரைதீவில் அந்தச் சுனாமியில்தான் போனவர். சேர் அப்போது வெளிநாட்டில் இருந்தார்.

"அண்டைக்கும் தண்ணி இப்பிடித்தான் போனதா நானா? நான் இதுவரைக்கும் ஒருத்தரிட்டயும் கேக்கல்ல."

"ஓம் சேர். இப்பிடித்தான். ஆனா அண்டைக்குக் காத்து இருக்கல்ல. ஒரு ஓலையும் அசையல்ல."

அவர் என்னை ஊருக்கு அனுப்பவில்லை. அடுத்த நாள் கரையில் ஒரு கம்பை நட்டு, அதில் சிவப்புத் துணியொன்றைக் கட்டினார்.

இப்போது ஊரில் கடலோரக் களப்புக்கோ ஏரிக்கோ இளம் பிள்ளைகளை அளவெடுக்கக் கூட்டிப்போனால், மீட்டரை எடுக்குமுன் நானும் துணி கட்டுகிறேன். அவர்களுக்குச் சொல்வது இதுதான்: துணி பறக்கும்போது தண்ணீர் போனால் நின்ற இடத்திலேயே நில்லுங்கள். அது திரும்பி வரும், கல்லை மிதிக்காதீர்கள். துணி தொங்கிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் போனால், காலுக்குக் கீழே என்ன கிடக்கிறதென்று பார்க்க வேண்டாம். ஓடுங்கள்.