அருள்செல்வியின் பிரசவ வார்டு

குளச்சல் அருள்செல்விக்குத் தொண்டை பெரிசு. குவைத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ் அவள். வலியெடுத்த பெண்ணை மல்லாக்கப் படுக்கவைத்து, "தள்ளு, தள்ளு!" என்று அவள் போடும் சத்தத்தில் லிஃப்ட் பக்கம் நிற்பவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். வருஷக்கணக்காக அப்படித்தான் பிள்ளைகள் பிறந்தன. அதில் அவளுக்குக் குறையொன்றும் தெரியவில்லை.

2003-இல் பிரான்சிலிருந்து டாக்டர் சொலாஞ் என்ற பெண் வந்தார். அருள்செல்வியின் வயதுதான். வலி வந்த பெண்ணை நடக்கவிட்டு, நிற்கவோ குந்தவோ விட்டுப் பிரசவம் பார்ப்பவர். அதற்காகச் சொந்த ஊரில் சக டாக்டர்களிடம் கேலி வாங்கியவர். பின்னால் அவர்களே வந்து அவரிடம் கற்றுக்கொண்டு போனார்களாம். வந்த முதல் நாளே அருள்செல்வியின் சத்தம் கேட்டு வார்டு வாசலில் நின்று, "இங்கே யாருக்குக் காது கேட்காது?" என்று கேட்டார்.

அருள்செல்விக்கு முகம் சுண்டிப்போயிற்று. "நோவு வந்தவள நடக்க விடுதாளாம்! பிள்ள பெறுறது கடைக்குப் போயிட்டு வாற காரியமா?" என்று கூட வேலை பார்த்த ஜோஸ்மியிடம் பொருமினாள்.

அந்தச் சமயத்தில்தான் நம்மாட்கள் நெருக்கமாகக் குடியிருக்கும் அப்பாசியா பகுதியிலிருந்து நாகவள்ளி வந்தாள். சிவகங்கைக்காரி. முதல் பிள்ளை ஊரில் ஆபரேஷன். இதுவும் ஆபரேஷன்தான் என்று மற்ற டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். சொலாஞ் பழைய ரிப்போர்ட்டுகளைப் பார்த்துவிட்டு, "முயன்று பார்க்கலாம். தியேட்டர் தயாராக இருக்கட்டும், குழந்தையின் துடிப்பு குறைந்தால் உடனே அங்கே போவோம்" என்றார். நாகவள்ளிக்குத் தமிழைத் தவிர வேறு பேச்சு வராது. அன்றைய டியூட்டியில் தமிழ்க்காரி அருள்செல்வி மட்டும்தான். வேண்டாவெறுப்பாக உள்ளே போனாள்.

வலி ஏறியதும் நாகவள்ளி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள்.

"முடியலக்கா... வெட்டியே எடுத்துருங்கக்கா!"

அதட்டுவதற்காக அருள்செல்வி வாயைத் திறந்தாள். கீழே சொலாஞ் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி, நாகவள்ளியின் வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார். சத்தம் போட்டால் அது கேட்காது. அருள்செல்வி குரலை விழுங்கிக்கொண்டு, நாகவள்ளியின் காதோரம் குனிந்தாள்.

"பேடிக்காண்டாம் மக்களே, பயம் ஒண்ணும் வேண்டாம். மூச்ச மெதுவா விடு. நான் பிடிச்சிருக்கேன்லா?"

தன் குரல் இவ்வளவு தாழும் என்பது அவளுக்கே புதிது.

நாகவள்ளி ஒரு மூச்சை நீளமாக விட்டாள். இன்னொன்று. நடந்தாள், நின்றாள், பிறகு தானாகவே குந்தினாள். யாரும் தள்ளச் சொல்லவில்லை. அவள் உடம்பே சொன்னது. பெண் குழந்தை சொலாஞ்சின் கைகளில் வழுக்கி வந்து வீறிட்டது.

"அக்கா, நானே பெத்துட்டேன்! நானே பெத்துட்டேன்க்கா!"

வெளியே நின்ற அவள் புருஷன் ஐயப்பன், "ஆபரேஷன் இல்லையா சிஸ்டர்? மெய்யாவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டு, கடைசியில் சுவரில் சாய்ந்து அழுதுவிட்டான். சொலாஞ் அருள்செல்வியை இறுகக் கட்டிக்கொண்டு, "அடுத்ததற்கும் நீதான் எனக்கு வேண்டும்" என்றார். அருள்செல்வி மறுக்கவில்லை.

நாகவள்ளி ஃப்ளாட் ஃப்ளாட்டாகப் போய்ச் சொன்னாள். வெள்ளிக்கிழமை காலைகளில் அப்பாசியாவில் அருள்செல்வி மூச்சு வகுப்பு தொடங்கினாள். தூரத்து மங்காஃபிலிருந்தெல்லாம் கர்ப்பிணிகள் டாக்ஸி பிடித்து வந்து, குந்தி எழும்ப முடியாமல் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

2008-இல் அருள்செல்வி வார்டுக்கே பொறுப்பாளரானாள். முதல் வேலையாகக் கட்டில்களைச் சுவரோரம் தள்ளி, நடக்க இடம் பண்ணினாள். புதிதாகச் சேர்ந்த டாக்டர் பத்மநாபன் வந்து பார்த்துத் திகைத்தார்.

"என்ன சிஸ்டர், கட்டிலெல்லாம் ஓரமாப் போயிருச்சு?"

"நோவு வந்தவளுக்கு அது வேண்டாம் டாக்டர். நீங்க களைச்சா படுத்துக்கிடுங்க" என்றாள் அருள்செல்வி. டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார்.