எங்கள் பேட்டையின் ஒற்றைக் கெய்தா

ஸூமானா கெய்தா தன் குலப்பெயரை ஒரு கூடை கோலாக் கொட்டைக்குக் கைமாற்றிவிட்டான் என்று எங்கள் செகு ஊர்ச் சந்தையில் ஒரு பேச்சு. நான் நம்பவில்லை. அந்தப் பெயருக்கு ஒரு கூடை அதிகம். நான் கூலிபாலி குலத்தான். கெய்தாக்களைப் பற்றி நல்ல வார்த்தை ஒன்று சொன்னாலும் என் குலம் என்னைத் தள்ளிவைக்கும். ஆனாலும் விசாரித்துவிடுவது என்று கிளம்பினேன்.

ஸூமானா எங்கள் பேட்டையில் மாவு மில் வைத்திருக்கிறவன். ஐம்பது வயது. புருவம் வரைக்கும் கம்பு மாவு. அரச குலம் என்று பீற்றிக்கொள்கிற முகத்துக்கு அந்தப் பூச்சு தேவைதான். வாசலில் நின்றே வழக்கமான வணக்கத்தைச் சொன்னேன்.

"என்னடா அடிமைப் பயலே, இன்னும் சாகலையா?"

அவன் பதிலுக்கு, "வாடா காராமணி தின்னி, உன் வயித்துச் சத்தம் ஆத்தங்கரை வரைக்கும் கேக்குது" என்று ஆரம்பித்திருக்க வேண்டும். கெய்தாவும் கூலிபாலியும் கேலி முறைக்காரர்கள். எவ்வளவு திட்டினாலும் கோபப்படக் கூடாது. இது பாட்டன் பூட்டன் காலத்துச் சட்டம். அவனோ மில்லை நிறுத்திவிட்டு, "வாங்கண்ணே, உக்காருங்க" என்றான்.

"என்னடா, உடம்பு சரியில்லையா?" என்றேன்.

"நானும் இப்போ கூலிபாலிதான். உங்க பெரியவர் பகோரோபா கையில கோலா குடுத்தேன். வாங்கிக்கிட்டு உங்க குலப்பேரைக் குடுத்துட்டாரு."

வந்தேறியவன் தான் அண்டிய குலத்தின் பெயரை வாங்கிக்கொள்வது இங்கே புதிதில்லை. கூலிபாலிகளில் பாதிப்பேர் அப்படிப் பெருகியவர்கள்தான் (என் சித்தப்பாக்கள் இந்த வரியைத் தாண்டிப் போகவும்). ஆனால் ஒரு கெய்தா?

"ஏன்டா இந்த வேலை?"

"எங்கப்பா காலத்துல இங்க ஏழு கெய்தா வீடுண்ணே. நீங்க திட்டுறதை ஏழு வீடும் பங்கு போட்டுக்கும். அப்புறம் பமாக்கோ போனவன் போனான், பாரிஸ் போனவன் போனான். பொண்ணுங்க பெத்ததெல்லாம் புருஷன் பேருல வளருது. மிச்சம் நான் ஒருத்தன். விடிஞ்சா பேட்டை மொத்தமும் என் தலையில. பல்லு வலிக்குதுன்னா, அடிமைக்கு எதுக்குடா பல்லுங்கிறான். அத்தனை பேரையும் நான் ஒருத்தனே திருப்பித் திட்டணும்ல? நாக்கு தேஞ்சு போச்சுண்ணே."

நியாயம்தான். ஒப்புக்கொள்ளாமல் வந்துவிட்டேன்.

அமைதி அவனுக்கு ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. பகோரோபாவின் மூத்த மகன் திரிஸா, லாரி ஓட்டுகிறவன், ஒருநாள் மில்லில் வரிசையைத் தாண்டி மூட்டையை முன்னால் போட்டான். ஸூமானா பழக்க தோஷத்தில், "பின்னால போடா காராமணி மூட்டை. உங்கப்பன் உனக்கு வரிசையும் சொல்லித் தரல, குளிக்கவும் சொல்லித் தரல" என்றான்.

கெய்தா சொன்னால் அது சிரிப்பு. கூலிபாலி சொன்னால் அது தகப்பனை இழுத்த பேச்சு. திரிஸா ஓங்கி அறைந்தான். மாவு பறந்தது. "பங்காளிய அடிக்கிற உரிமை எனக்கு இருக்கு" என்று சொல்லிவிட்டு மூட்டையோடு போனான். அதற்குப் பிறகு ஸூமானா யாரையும் திட்டவில்லை. எல்லோரும் அவனிடம் மரியாதையாக நடந்துகொண்டார்கள். எங்கள் ஊரில் மரியாதை என்பது வேற்றாளுக்குக் கொடுப்பது.

மழை தொடங்குமுன் பகோரோபா செத்துப்போனார். பாடையைத் தூக்கிய பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. மறிக்க ஆளில்லை. கூலிபாலிக் கிழவர் யார் போனாலும் கெய்தாக்கள் பாடையை மறித்து, பிணத்தை ஏசி, வரி வாங்கிக்கொண்டுதான் வழிவிடுவார்கள். யாருமே மறிக்காத பிணம், கேலிக்குக்கூட லாயக்கில்லாத பிணம். திரிஸாவின் அப்பா அப்படிப் போக இருந்தார். ஸூமானா எங்கள் வரிசையின் கடைசியில் கூலிபாலியாக நின்றான்.

திரிஸா அவனிடம் போக வேண்டியதாயிற்று. ஊர் பார்த்துக்கொண்டிருந்தது.

"அண்ணே..."

"அண்ணன்னா நான் தோள் குடுக்கணும். மறிக்க முடியாது."

"அப்ப என்னன்னு கூப்பிடுறது?"

"உனக்குத் தெரியாதா?"

திரிஸா பாடையைத் திரும்பிப் பார்த்தான். "வாடா கெய்தா. வந்து மறிடா, அடிமைப் பயலே."

ஸூமானா நடந்து வந்து புழுதியில் மல்லாந்து படுத்தான். "இந்தக் காராமணி மூட்டைய விடமாட்டேன். மண்ணுக்குள்ள போனா வேர்ல இருக்கிற கடலையெல்லாம் தின்னு தீத்துடும். அப்புறம் ஊருக்கு என்ன மிஞ்சும்? ஆடு வை. அதுக்கு முன்னாடி, உன் எஜமான் யாருன்னு சொல்லு."

"நீங்க."

"காது கேக்கல."

"நீங்கதான்." அறைந்த கையை மற்றக் கையோடு முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தான். அழுதுகொண்டிருந்த விதவை முக்காட்டுக்குள் சிரித்துவிட்டாள்.

"ஆனா ஆடு ஏழு வீட்டுக்குடா," என்றான் திரிஸா. "நீ ஒத்தை ஆளு. கோழி போதும்."

"ஏழு வீட்டுத் திட்டையும் வாங்கினது இந்த ஒத்தை ஆளுதான்டா."

"கோழி."

"முட்டை போடுற கோழி."

ஒத்துக்கொண்டார்கள். அவன் எழுந்து வழிவிட்டான். அறைந்ததற்கு யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அந்தத் திமிர் பிடித்தவன் ஏற்றிருக்க மாட்டான்.

கோழி இன்னும் போய்ச் சேரவில்லை. போன வாரம் திரிஸாவைக் கேட்டேன்.

"அடை காக்குதுண்ணே. பொரிக்கட்டும், குடுத்துடுறேன்."

அவன் முற்றத்தில் திரிவது சேவல் ஒன்றுதான் என்பது பேட்டைக்கே தெரியும்.